நிறைந்த பேட்டரி

நிதி நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னதும், கடன், வட்டி, காசோலை என்றுதான் கேட்பவர்கள் நினைக்கிறார்கள். என் மேசைக்குப் பணம் வந்ததே இல்லை. ஒரு தொழிற்சாலையில் எங்கள் நிறுவனம் முதலீடு செய்யலாமா என்று முடிவெடுப்பதற்கு முன்னால், அங்கே செய்கிற பொருள் ஆளைக் கொல்லுமா என்று போய்ப் பார்த்து வருவது என் வேலை. கணக்கு வழக்கைப் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். நான் இயந்திரத்தைப் பார்ப்பேன். பாய்லர், அரவை மில், லிஃப்ட் என்று இருந்தது, கடைசி வருடங்களில் மின்சார பஸ்ஸும் மின்சார லாரியுமாக ஆனது.

சென்ற மாதம் திருச்சி அலுவலகத்திலிருந்து பழைய சகாக்கள் பேசினார்கள். இனிமேல் ஆய்வாளர் வண்டியில் ஏறிப் பார்க்க வேண்டியதில்லையாம். வண்டியே தன் சூடு, வேகம், பிரேக் எல்லாவற்றையும் நேராக அலுவலகத்துக்கு அனுப்பிவிடுமாம். விதியை மாற்றுவதற்கு முன்னால், ஏறிப் பார்த்த காலத்தில் என்ன நடந்தது என்று எழுதிக் கொடுங்கள் என்றார்கள். மாற்றம் சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. வண்டி அனுப்பும் எண்கள் பொய் சொல்வதில்லை, அதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே வாதம் எதுவும் செய்யப் போவதில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரியலூரில் பிறந்தேன். திருச்சியில் மெக்கானிக்கல் படித்தேன். ஒரு பாய்லர் தொழிற்சாலையில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, தேர்வு எழுதி இந்த நிறுவனத்துக்கு வந்தேன். தொழிலைக் கற்றுக்கொண்டது ஞானசேகரன் சாரிடம்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். ஒல்லியான மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆய்வுக்குப் போகும் ஊரில் முதலாளி அனுப்பும் காரில் ஏறமாட்டார். பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்டிலிருந்து நடந்து வருவார். தயிர்ச்சாதமும் தண்ணீரும் அவர் பையிலேயே இருக்கும். ஒரு கேள்வியைக் காலையில் ஒருவரிடம் கேட்பார். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஆளிடம் அதே கேள்வியை, அப்போதுதான் தோன்றியது போல மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒரு வார்த்தை பிசகாமல் ஒன்றாக இருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஒப்பிக்கிறார்கள் என்பார். கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார். முழுக்க மாறினால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து இயந்திரத்தின் பக்கம் போய்விடுவார்.

ஆய்வு முடிந்து நாங்கள் திரும்பியதும், அறிக்கையை வாங்கிப் படிப்பதற்கு முன்னால் ஒன்று கேட்பார். "எங்க பயம் வந்துச்சு?" பயம் வந்ததா என்று கேட்கமாட்டார். எங்கே என்றுதான் கேட்பார். சேர்ந்த புதிதில் ஒரு சர்க்கரை ஆலையின் பாய்லரைப் பார்த்துவிட்டு வந்து, எங்கேயும் இல்லை சார் என்றேன். பொம்பளைப் பிள்ளை பயந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற எண்ணம் எனக்கு. அவர் அறிக்கையைத் தொடக்கூட இல்லை, மறுபடி போய்விட்டு வரச் சொன்னார். போனேன். பாய்லரை ஒட்டிய நடைபாதையில் ஓரிடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை. காரணம் தெரியவில்லை. அதை அப்படியே வந்து சொன்னேன். பிரித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் உள்ளே காப்புச் செங்கல் உதிர்ந்து, இரும்புத் தகடு நேராக நெருப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பிறகு என் பயத்தை நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் பயம் குறைந்ததும் இல்லை. அனுபவம் ஏற ஏற, எதற்கெல்லாம் பயப்படலாம் என்பது கூடுதலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இனி ஹாரூன் விஷயத்துக்கு வருகிறேன்.

ஹாரூன் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். வளைகுடாவில் பல வருடம் பஸ் ஒர்க்‌ஷாப்களில் எஞ்சினியராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் மூடிக் கிடந்த ஒரு நூற்பாலைக் கட்டடத்தை வாங்கி, மின்சார பஸ்ஸும் மின்சார டிப்பர் லாரியும் செய்யத் தொடங்கியிருந்தார். தொடங்கப் போட்ட பணம் முழுக்க அவருடைய சொந்தக்காரர்களுடையது. குவைத்திலும் துபாயிலும் வேலை பார்க்கும், சாச்சா என்று அவர் கூப்பிடும் சித்தப்பாக்கள், மச்சான்கள், அவர்களுடைய சிநேகிதர்கள் போட்டது. அதற்கு மேல் தொழில் வளர எங்கள் நிறுவனத்தின் முதலீடு வேண்டும். கணக்குப் பிரிவு பார்த்துத் திருப்தி என்று எழுதிவிட்டது. வண்டியைப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த வேலையில் அது ஆபத்து. அடிபட்ட பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். பல இடங்களில் இந்தக் கேள்விக்கு முழிப்பார்கள். அவர் என்னை வளாகத்தின் கடைசி மூலைக்குக் கூட்டிப் போனார். சுற்றிலும் மணல் கொட்டி, தனியாக ஒரு கொட்டகை. உள்ளே ஒரே ஒரு பேட்டரிப் பெட்டி. இறக்கும்போது கீழே விழுந்ததாம். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. இருந்தாலும் இதைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்றார். அடிபட்ட பேட்டரி உடனே எரியாது. மறுநாளோ, அடுத்த வாரமோ, யாரும் பக்கத்தில் இல்லாதபோது உள்ளுக்குள் சூடேறி எரியும். எரிய ஆரம்பித்தால் தண்ணீருக்கு அடங்காது. அந்தக் கொட்டகை வாசலில் நின்ற நேரத்தில் நாங்கள் இருவருமே குரலைத் தாழ்த்திப் பேசியது நினைவிருக்கிறது.

பஸ்ஸை ஜெயங்கொண்டம் வரை ஓட்டிப் பார்த்தோம். பயணிகள் எடைக்கு மணல் மூட்டைகள். ஓட்டியவர் செல்வராசு, கம்பெனியின் சோதனை டிரைவர். சொந்த ஊர் விக்கிரமங்கலம். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் கனரக லைசென்ஸ் எடுத்தவர் இவர்தான். அரியலூர்ச் சுரங்கங்களில் டீசல் டிப்பர் ஓட்டிவிட்டு இங்கே வந்திருந்தார். நன்றாகப் பேசுவார். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பஸ் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தபோது, மகள் திருச்சியில் நர்சிங் படிப்பதையும் ஹாஸ்டல் சாப்பாடு அவளுக்கு ஒத்துக்கொள்ளாததையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தச் சத்தமின்மைதான் என்னை முதலில் பயமுறுத்தியது. ஜெயங்கொண்டம் பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது, முந்திரிப் பருப்பு விற்கும் ஒரு பெண் தட்டோடு பின்பக்கமாக நடந்து வந்து பஸ்ஸுக்கு முன்னால் நின்றுவிட்டாள். அவளுக்குப் பஸ் வந்தது கேட்கவில்லை. செல்வராசு நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்த அந்தப் பெண்ணின் முகத்துக்கும் கண்ணாடிக்கும் ஒரு கை தூரம்தான் இருந்தது. ஹாரூனிடம் சொன்னேன். அடுத்த வாரத்துக்குள் எல்லா பஸ்ஸிலும் மெதுவாக ஓடும்போது ஒலி எழுப்பும் கருவியைப் பொருத்திவிட்டார். சொன்னால் கேட்கிற மனிதர். என் அறிக்கை ஏறக்குறைய நல்லபடியாக முடிந்திருந்தது. டிப்பர் ஒன்றுதான் பாக்கி.

கல்லங்குறிச்சிக்கு அப்பால் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் சோதனைக்கு இடம் கொடுத்திருந்தார்கள். கல் எடுத்து முடித்த பழைய பள்ளத்தை மேல்மண் கொட்டி நிரப்பும் வேலை. அது சரியாக நடந்தால் அந்தச் சுரங்கத்துக்கே வரிசையாக வண்டிகள் வாங்குவதாகப் பேச்சு. அது உறுதியானால் எங்கள் முதலீடும் உறுதி.

அந்தப் பள்ளங்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பள்ளத்துப் பக்கம் போகாதே என்பதுதான் எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் புத்தி. அடியில் பச்சையாகத் தண்ணீர் நிற்கும். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது.

ஏறுவதற்கு முன்னால் நடக்க வேண்டும் என்பது ஞானசேகரன் சாரின் விதி. வண்டி போகும் பாதையை முழுக்கக் காலால் நடந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும். நடந்தேன். இறங்கும்போது இடது பக்கம் செங்குத்தான கல் சுவர். அதில் சங்கும் கிளிஞ்சலும் கல்லாகிப் பதிந்திருந்தன. வலது பக்கம் பள்ளம். ஓரத்தில் மண்ணைக் குவித்துக் கரை போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வளைவு. அடியில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். திரும்பி மேலே ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. சரிவு அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் நீளம்.

வண்டியை முழுக்கச் சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் ஓடும் என்று காட்ட வேண்டுமே. செல்வராசு ஓட்ட, நான் இடது பக்க இருக்கையில். சுமையோடு இறங்குவது, கீழே மண்ணைக் கொட்டுவது, காலியாக ஏறுவது, மறுபடி சுமை. மின்சார வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பாதி பிரேக் வேலையை அதுவே பார்த்துவிடும். அப்படி இழுக்கும்போது பிறக்கும் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பிப் போகும். கனத்தோடு இறங்கி, காலியாக ஏறுவதால், ஏற்றத்தில் செலவானது இறக்கத்தில் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. காலையிலிருந்து ஓடியும் பேட்டரி அளவு இறங்கவே இல்லை. ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் ஹாரூன் கதவுப் பக்கம் வந்து திரையை எட்டிப் பார்ப்பார்.

"பாத்தீங்களா மேடம், டீசலும் இல்ல, கரண்டு செலவும் இல்ல. சும்மாவே ஓடுது. இத எங்க வூட்டு ஆளுங்க நம்பவே மாட்டாங்க" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்தது.

செல்வராசு அன்றும் பேசிக்கொண்டுதான் வந்தார். மகளுக்கு விடுமுறை வருகிறது என்று ஆரம்பித்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஒரு இறக்கத்தில், வளைவுக்குக் கொஞ்சம் முன்னால், பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தேன். பிரேக்கை அடிவரை மிதித்திருந்தார். காலையில் அதே இடத்தில் பாதி மிதித்துத்தான் வந்தார். என்ன செல்வராசு என்று கேட்டேன்.

"பிரேக்கு பேச்சு கேக்க மாட்டேங்குது மேடம்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை.

கை பிரேக்கை இழுத்தார். அதுவும் பிடிக்க வேண்டியது சக்கரத்துக்குள் இருக்கும் அதே இரும்பு டிரம்மைத்தான், அது அளவுக்கு மேல் சூடேறிவிட்டால் எந்தப் பிரேக்கும் பிடிக்காது. வண்டி கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி வேகம் எடுத்தது. கீழே தண்ணீர் மோட்டார் பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் எங்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. செல்வராசு ஹாரனை அழுத்திய பிறகுதான் எழுந்தார்கள்.

"கெட்டியா புடிச்சுக்கங்க. செவுத்துல சாத்துறேன்."

இடது பக்கம் திருப்பினார். என் கதவுதான் முதலில் சுவரைத் தொட்டது. அந்தச் சத்தத்தை விவரிக்க எனக்கு வார்த்தை இல்லை. கண்ணாடிக்கு வெளியே கல்லில் பதிந்த சங்குகள் என் முகத்தை ஒட்டி ஓடின, பிறகு கண்ணாடி இல்லை. சுவரோரம் சரிந்து கிடந்த மண்மேட்டில் முன்சக்கரம் ஏறி, வண்டி சாய்ந்து, நின்றது.

நின்றதும் புகை வந்தது. பேட்டரி எங்கள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. என் பக்கக் கதவு சுவரோடு ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. செல்வராசு தன் பக்கம் குதித்து, கையை நீட்டி என்னை இழுத்தார். ஓடினோம். மேலேயிருந்து ஹாரூனும் ஆட்களும் தீயணைப்பு உருளையோடு ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, வராதீர்கள் என்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். கீழே இருந்தவர்கள் எதிர்ப்பக்கம் ஏறிப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. வளைவுக்கு மேலே நின்று வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம். புகை பிரேக்கிலிருந்து வருகிறதா, பேட்டரியிலிருந்தா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிரேக் என்றால் அடங்கிவிடும். பேட்டரி என்றால் அந்தப் பள்ளத்தில் யாரும் நிற்கக் கூடாது. சூடான இரும்பு ஆறும்போது டிக் டிக்கென்று ஒலி எழும். ஒவ்வொரு டிக்குக்கும் எங்களில் ஒருவர் பின்னால் நகர்ந்தார். வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் புகை மெலிந்து நின்றது. பிரேக்தான். செல்வராசு அப்படியே தரையில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்து, சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கம்பெனி எஞ்சினியர்கள் வண்டி அனுப்பிய எண்களை அச்செடுத்து வந்தார்கள். பிரேக் மிதி காலை முழுக்க அளவுக்கு மேல் அழுத்தப்பட்டிருந்தது. டீசல் வண்டிப் பழக்கத்தில் டிரைவர் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார், மோட்டாரின் பிடிப்பை நம்பவில்லை, இது டிரைவர் தவறு என்றார்கள். செல்வராசுவை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு லேடீஸ் உட்கார்ந்து பயந்துகொண்டே வந்தால் டிரைவரும் பயந்துதான் மிதிப்பான் என்று சுரங்க சூப்பர்வைசர் ஒருவர் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குள் பழைய பயம் எட்டிப் பார்த்தது. நான் என்ன எழுதினாலும், பயந்த பொம்பளை எழுதியது என்றுதானே படிப்பார்கள்.

அன்று மாலை ஹாரூன் என்னைப் பார்க்க வந்தார். பொய் எழுதச் சொல்லவில்லை அவர். எண்கள் என்ன சொல்கின்றனவோ அதை மட்டும் எழுதினால் போதும் என்றார்.

"எங்க சாச்சா ஒருத்தர் அம்பது டிகிரி வெயில்ல பைப் லைன் வேலை பாக்குறாரு மேடம். அவரு அனுப்புனதும் இதுலதான் கெடக்கு. இந்த முதலீடு வரலேன்னா அவங்க மொகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அதுதான் பயமாக இருந்தது. இவரைக் கெட்டவர் என்று நினைக்க முடிந்திருந்தால் என் வேலை சுலபமாகியிருக்கும். சாரிடம் பேசாமல் எதுவும் எழுதமாட்டேன் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

ஞானசேகரன் சார் அடுத்த நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தது. எஞ்சினியர்களிடம் காலையில் கேட்டார்: மோட்டார் எப்போதும் பிடிக்குமா? பிடிக்கும் சார். பையைத் திறந்து தயிர்ச்சாதம் சாப்பிட்டார். மத்தியானம் மறுபடி கேட்டார். அவர்களில் ஒருவர் யோசித்துவிட்டு, பேட்டரி முழுக்க நிறைந்திருந்தால் குறைவாகப் பிடிக்கும் சார் என்றார். ஏன் என்றார் இவர். பிடிக்கும்போது வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லையே சார்.

சொல்லி முடிப்பதற்குள் அந்த எஞ்சினியருக்கே முகம் மாறிவிட்டது. நிறைந்த குடத்தில் எவ்வளவு ஊற்ற முடியும்? அந்தப் பள்ளத்தில் பேட்டரி அளவு இறங்கவே இல்லை. இறங்காததால், காலியாக ஏறும்போது செலவான அளவுக்கு மேல் மோட்டாரால் பிடிக்க முடியவில்லை. மிச்சப் பாரம் முழுக்கப் பிரேக்கின் மேல் விழுந்து, ஒவ்வொரு இறக்கத்துக்கும் சூடு சேர்ந்துகொண்டே போயிருக்கிறது. எண்கள் சொன்னது பொய்யில்லை. டிரைவர் மிதித்தார், மிதிக்காமல் வேறு வழியில்லை என்பதை மட்டும் எண்கள் சொல்லவில்லை. சும்மாவே ஓடுகிறது என்று எதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோமோ, அதுதான் ஆளைக் கொல்லப் பார்த்தது.

சார் என் பக்கம் திரும்பினார். "எங்க பயம் வந்துச்சு?"

பிரேக் போனபோது இல்லை, அதற்கு முன்னால், செல்வராசு பேச்சை நிறுத்தியபோது என்றேன். எந்த இடம் என்று கேட்டார். வளைவுக்கு முன்னால் என்றேன். எண்களைப் புரட்டி அந்த இடத்தைத் தேடி எடுத்தார். பிரேக் முழுக்க இறங்கிய முதல் இடம் அதுதான். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் நினைப்பதை வைத்து அவர் எழுதமாட்டார். இன்னொரு டிப்பர் இருக்கிறதல்லவா, அதிலும் இப்படி ஆகிறதா பார்க்க வேண்டும் என்றார். பள்ளத்தில் ஒரு ஆள் இருக்கக் கூடாது. சரிவு நெடுக வண்டியைத் தாங்கும் மண்மேடுகள் போட வேண்டும். பாதிச் சுமை. ஒவ்வொரு முறை மேலே வந்ததும் பிரேக் டிரம்மின் சூட்டை அளக்க வேண்டும். ஒரு எல்லை வைத்து, அதைத் தொட்டதும் நிறுத்திவிட வேண்டும். அளந்து, கொடியைக் காட்டி நிறுத்தும் பொறுப்பு எனக்கு. யார் ஓட்டுவது என்று கேட்டபோது எஞ்சினியர்கள் தரையைப் பார்த்தார்கள்.

செல்வராசுவைக் கூப்பிட்டு விட்டார்கள். வந்தார். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"ஓட்டுறேன் சார். பழி எம்மேல போட்டுட்டாங்க, நான்தான ஓட்டியாவணும். ஆனா நான் கால எங்க வெக்கிறேன்னு பாக்குறதுக்குப் பக்கத்துல ஒரு ஆள் உக்காரணும்."

நான் உட்கார்ந்தால் கொடி காட்ட முடியாது. சார் எழுந்தார். அவருக்கு முன்னால் ஹாரூன் எழுந்துவிட்டார். "என் வண்டி. நான் உக்காருறேன்" என்றார்.

வண்டிக்குள் இருந்தபோது பட்ட பயத்தைவிட, வெளியே நின்று பட்ட பயம் பெரிது. உள்ளே எனக்கு ஒரு உயிர்தான். இப்போது இரண்டு உயிர் என் கையில் இருந்த சிவப்புத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை வண்டி வளைவைத் தாண்டி மறையும்போதும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். மறுபடி தலை தெரியும்போதுதான் நிறுத்தினேன். டிரம் சூடு ஏறிக்கொண்டே போனது. எல்லையை நெருங்கியபோது இன்னும் ஒரு தடவை போகலாமே, உறுதியாகிவிடும் என்று எஞ்சினியர் ஒருவர் மெல்லச் சொன்னார். எல்லை எல்லைதான் என்று கொடியைத் தூக்கினேன். சந்தேகம் இருந்தால் தீர்ந்துவிட்டது. இரண்டாவது வண்டியும் முதல் வண்டி போன வழியேதான் போய்க்கொண்டிருந்தது.

ஹாரூன் கதவைத் திறந்து இறங்கினார். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே எஞ்சினியர்களைப் பார்த்து, எந்தப் பிரேக்கும் இல்லாத தன் பக்கத் தரையைத் தானும் மிதித்துக்கொண்டேதான் வந்ததாகச் சொன்னார். பிறகு எழுந்து செல்வராசுவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, இவர் மேல் தப்பில்லை என்றார்.

சார் முதலீட்டை மறுக்கவில்லை, நிறுத்தி வைத்தார். இறக்கத்தில் வேலை செய்யும் வண்டிக்குப் பேட்டரியை முழுக்க நிரப்பாமல் விட வேண்டும். மிஞ்சும் மின்சாரத்தைச் சூடாக்கி வெளியே தள்ளும் கம்பிச்சுருள் ஒன்று வேண்டும். மோட்டாரின் பிடி குறைந்தால் டிரைவருக்கு உடனே தெரிய வேண்டும். இதையெல்லாம் செய்து முடிக்க ஹாரூனுக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. அந்த வருடத்தை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. செய்தி வளைகுடா வரை போய்விட்டது. போட்டதைத் திருப்பிக் கொடு என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஆட்களைக் குறைத்தார். பெரம்பலூர்ப் பக்கமிருந்து போன் வந்தாலே எனக்குப் பயம், அவருக்கு ஏதாவது ஆகிவிட்டது என்று சொல்லப் போகிறார்களோ என்று.

ஒன்றும் ஆகவில்லை. மறுசோதனை தேறியது, முதலீடு கிடைத்தது, அந்த பஸ்களும் டிப்பர்களும் இன்று ஓடிக்கொண்டிருக்கின்றன. முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டேன், பரவாயில்லை. நான் சொல்ல நினைத்தது மறுசோதனை அன்று காலை நடந்ததை.

ஹாரூன் அன்று தன் சொந்தக்காரர்களைப் பள்ளத்து மேட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். விடுமுறைக்கு வந்திருந்தவர்கள், போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பெரியவர் ஹாரூனுடைய பெரியத்தா, அப்பாவின் அண்ணன். குவைத்தில் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர். அவர் எதிலும் கலந்துகொள்ளாமல் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். நேராக என்னிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, நீங்க இதுல ஏறுவீங்களா?"

சோதனை முடிவதற்கு முன்னால் வெளியாரிடம் எங்கள் கருத்தைச் சொல்லக் கூடாது என்பது விதி. நான் ஞானசேகரன் சாரைப் பார்த்தேன். அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுவேங்க. பயந்துகிட்டேதான் ஏறுவேன்" என்றேன்.

"எதுக்குப் பயம்? அதான் சரி பண்ணிட்டான்ல?"

சொன்னேன். கம்பிச்சுருள் அறுந்து போகலாம். அறுந்தது டிரைவருக்குத் தெரியாமல் போகலாம். தெரிந்தும், இன்னும் ஒரே ஒரு நடை என்று அவர் ஓட்டலாம். மழையில் சரிவு வழுக்கலாம். இதில் எதற்கெல்லாம் வழி செய்திருக்கிறது, எதற்கு இன்னும் இல்லை என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் மெல்ல நெருங்கி வந்துவிட்டார்கள். ஹாரூனின் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் பேசப் பேச அவர் தொழில் கையைவிட்டுப் போவதாக அவருக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

பெரியத்தா தன் ஆட்கள் பக்கம் திரும்பினார்.

"நாம முதல் போட்ட நாள்லேர்ந்து பயப்படாதீங்க, பயப்படாதீங்கன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. எதுக்குப் பயப்படணும்னு இந்தம்மா ஒருத்திதான் சொல்லுது. என்னுது இருக்கட்டும். எடுக்குறவங்க எடுத்துக்கங்க."

பிறகு ஹாரூனைப் பார்த்து, வண்டியை இறக்கச் சொல் என்றார்.

செல்வராசு ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். நான் இடது பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். உள்ளங்கை வியர்த்து ஒருமுறை வழுக்கியது. மேட்டில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். போகலாம் என்றேன். வண்டி சரிவில் இறங்கத் தொடங்கியது.